ஒற்றைப் பந்தயத்தின் சுமை: அமெரிக்க ஓப்பன் வீல் பந்தயத்தின் சரிவு – ஒரு மறுவாசிப்பு

1. கேள்வி

1996 மே மாதம் நடந்த தகுதிச் சுற்றில் ஆரி லுயென்டைக் இண்டியானாபொலிஸ் தடத்தை நான்கு முறை சுற்றிவந்தார். சராசரி வேகம் மணிக்கு 236.986 மைல், அதாவது சுமார் 381 கிலோமீட்டர். அந்த வேகத்தை அங்கே இன்றுவரை எவரும் தாண்டவில்லை. அதே மாதத்தில்தான் அமெரிக்க ஓப்பன் வீல் பந்தய உலகம் இரண்டாகப் பிளந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரு மாநிலங்களில் இரு 500 மைல் பந்தயங்களை நடத்தியது. உச்ச வேகமும் உடைவும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆனால் சரிவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த மாதத்தில் வந்து நிற்பது தற்செயல் அன்று.

சக்கரங்களுக்கு மேல் மூடியில்லாத, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய கார்கள் ஓடுவது ஓப்பன் வீல் பந்தயம். நம் வாசகர்கள் அதை ஃபார்முலா ஒன் வழியாக அறிவார்கள். அமெரிக்காவில் அதற்கு வேறொரு பழைய கிளை உண்டு. உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக 1911 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் இண்டியானாபொலிஸ் 500, அதைச் சுற்றி வளர்ந்த பந்தயத் தொடர்கள் ஆகியவையே அக்கிளை. 1960களிலும் 70களிலும் ஏ.ஜே. ஃபாய்ட், மரியோ ஆண்ட்ரெட்டி ஆகிய பெயர்கள் கார் பந்தயம் பார்க்காத வீடுகளிலும் புழங்கின. 2021க்கும் 2025க்கும் இடையில் நான்கு முறை தொடர்ப் பட்டம் வென்ற ஆலெக்ஸ் பலோவுக்கு அந்தப் பரிச்சயம் வாய்க்கவில்லை. இந்த இறக்கம் எப்படி நேர்ந்தது?

வழக்கமான விடை ‘1996 பிளவு’ என்பது. அந்தப் பிளவையே ஒரு விளைவாகப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த விளையாட்டு தன் மொத்த மதிப்பையும் ஒரே ஒரு பந்தயத்தில் குவித்துவைத்திருந்தது. அந்தப் பந்தயமோ தொடரை நடத்தியவர்கள் கையில் இல்லை. நோய் அங்கிருந்தே தொடங்குகிறது.

2. பிளவு என்னும் விளக்கம்

முதலில் அந்த விளக்கத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். 1945இல் டோனி ஹல்மன் வாங்கியதிலிருந்து இண்டியானாபொலிஸ் தடம் ஒரு குடும்பச் சொத்தாக இருந்தது. அவருடைய பேரன் டோனி ஜார்ஜ் 1990இல் அதன் தலைவரானார். அப்போது தொடரை நடத்திவந்த ‘கார்ட்’, அணி முதலாளிகள் தாங்களே கூடி உருவாக்கிக்கொண்ட அமைப்பு. செலவு கட்டுக்கடங்காமல் ஏறுகிறது, நீள்வட்டமான ‘ஓவல்’ தடங்கள் குறைந்து சாலைத் தடங்கள் பெருகுகின்றன, உள்ளூர்ப் பந்தயங்களில் வளர்ந்த அமெரிக்க ஓட்டுநர்களுக்கு இடமில்லை என்பன ஜார்ஜின் குறைகள். 1994இல் அவர் ‘இண்டி ரேசிங் லீக்’ என்ற போட்டித் தொடரை அறிவித்தார். 1996 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் தடத்தில் அதன் முதல் பந்தயம் நடந்தது. இண்டி 500இன் 33 இடங்களில் 25ஐ லீக்கின் புள்ளிப் பட்டியலில் இருப்பவர்களுக்கே ஒதுக்கும் விதி, பூசலைப் போராக்கியது.

தங்களை வெளியே தள்ளவே அந்த விதி என்று கொண்ட கார்ட் அணிகள், 1996 மே 26 அன்று, இண்டி 500 நடக்கும் அதே நாளில், மிச்சிகனில் ‘யுஎஸ் 500’ நடத்தின. இண்டியானாபொலிஸில் களமிறங்கிய 33 பேரில் 17 பேர் அங்கே முதன்முறையாக ஓடுகிறவர்கள். முதலிடத்தில் தொடங்கவேண்டிய ஸ்காட் பிரேட்டன் ஒன்பது நாட்களுக்கு முன்புதான் பயிற்சியில் இறந்திருந்தார். அனுபவசாலிகள் எல்லோரும் எங்களிடம் இருக்கிறார்கள் என்று மார்தட்டிய மிச்சிகனிலோ, பச்சைக் கொடி விழுவதற்குள் முன்வரிசைக் கார்களே ஒன்றோடொன்று மோதின. பின்னால் வந்தவை குவிந்தன. பலர் மாற்றுக் கார்களில் ஏறி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. வென்ற ஜிம்மி வாஸர், இண்டியில் வென்றவர் பால் குடிக்கும் மரபைச் சீண்டி, பால் யாருக்கு வேண்டும் என்று கேட்டார். கேலிதான், ஆனால் அன்று இரு தரப்புமே தோற்றன என்பதை அந்தக் கேலியே காட்டிக்கொடுக்கிறது. தன் பந்தயத்தின் மதிப்பை அளக்க வாஸருக்கு இண்டியின் மரபைத் தவிர வேறு அளவுகோல் இருக்கவில்லை.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கும் இழப்புமாகக் கழிந்தன. ‘இண்டிகார்’ என்ற பெயருக்காக நீதிமன்றம் சென்று, கடைசியில் கார்ட் அதைக் கைவிடுவது, லீக்கும் 2002 பருவம் முடியும்வரை அதைத் தொடாதிருப்பது என்று உடன்பட்டார்கள். அதாவது, பொதுமக்களுக்குத் தெரிந்த ஒரே பெயரை இரு தரப்பும் சேர்ந்து பூட்டிவைத்தன. இதைவிடப் பெரிய தற்சேதத்தை வேறொரு விளையாட்டின் வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1998இல் கார்ட் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது. 2000இல் கார்ட் அணிகளுள் ஒன்றான சிப் கனாஸியின் அணி இண்டிக்குத் திரும்பி, ஹுவான் பாப்லோ மொன்டோயாவைக் கொண்டு வென்றது. 2002இல் இன்னொரு கார்ட் அணியான பென்ஸ்கி லீக்குக்கே மாறியது. மறு ஆண்டு எஞ்சின் நிறுவனங்களான ஹோண்டாவும் டொயோட்டாவும் பின்தொடர்ந்தன. 2003 முடிவதற்குள் கார்ட் திவாலானது. அதன் எச்சத்திலிருந்து எழுந்த ‘சாம்ப் கார்’ நான்கு பருவங்கள் தாக்குப்பிடித்து, 2008 பிப்ரவரியில் லீக்கோடு இணைந்தது.

அந்த இணைப்பு எவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். இரு தொடர்களின் நாட்காட்டிகளும் முன்பே அச்சாகிவிட்டதால், 2008 ஏப்ரல் 20 அன்று ஒரே தொடரின் அணிகள் ஜப்பானின் மொடேகியிலும் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சிலும் தனித்தனியே ஓடின. மொடேகியில் டானிகா பாட்ரிக் வென்றார். இண்டிகார் பந்தயத்தில் ஒரு பெண் பெற்ற முதல் வெற்றி அது. அதைக் கொண்டாட வேண்டிய நாளில், தொடரின் பாதி வேறொரு கண்டத்தில் இருந்தது.

பிளவு செய்த சேதத்தை மறுக்க இடமில்லை. ஆனாலும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. பிளவுதான் காரணமென்றால், இணைப்புக்குப் பின் மக்கள் ஏன் திரும்பவில்லை? 1979இலும் இதே விளையாட்டு பிளந்ததே, அப்போது ஏன் பார்வையாளர்கள் போய்விடவில்லை?

3. வீடு ஒருவருக்கு, தெரு இன்னொருவருக்கு

1978இல் ஓட்டுநரும் அணி உரிமையாளருமான டான் கர்னி, மற்ற முதலாளிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பந்தயங்களை நடத்திய ‘யூசாக்’ சங்கம் விளம்பரத்திலும் தொலைக்காட்சி உரிமையிலும் தூங்குகிறது, செலவு எங்களுடையது, முடிவு அவர்களுடையது என்பது அதன் சாரம். டோனி ஹல்மன் முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். 1978 ஏப்ரலில் யூசாக் நிர்வாகிகள் எட்டுப் பேர் விமான விபத்தில் மாண்டனர். ஒரே ஆண்டுக்குள் பழைய அதிகாரத்தின் இரு தூண்களும் சாய்ந்த நிலையில், அணி உரிமையாளர்களான ரோஜர் பென்ஸ்கியும் பாட் பாட்ரிக்கும் முன்னின்று கார்ட்டைத் தொடங்கினார்கள். 1979 இண்டி 500க்கு வந்த கார்ட் அணிகளின் விண்ணப்பங்களை யூசாக் நிராகரித்தது. நீதிமன்றம் தலையிட்டு அவர்களை உள்ளே விட்டது.

அந்தப் பூசல் முடிந்த விதம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. பருவத்தின் மற்றப் பந்தயங்கள் கார்ட்டிடம் போயின. இண்டி 500 தடத்தின் உரிமையாளரிடமே, யூசாக் விதிகளின் கீழ், தங்கிவிட்டது. ஆண்டு முழுவதும் தொடரை நடத்துகிறவருக்கு அதன் தலைசிறந்த நாள் சொந்தமில்லை. அந்த நாளுக்குச் சொந்தக்காரருக்கோ மற்ற நாட்களைப் பற்றிக் கவலையில்லை. இந்த ஏற்பாடு பதினாறு ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தையே பலர் பொற்காலம் என்கிறார்கள். ஃபார்முலா ஒன்னிலிருந்து எமர்சன் ஃபிட்டிபால்டி வந்தார். ஃபார்முலா ஒன் பட்டத்தோடு வந்த நைஜல் மான்செல் 1993இல் முதல் பருவத்திலேயே கார்ட் பட்டத்தையும் வென்றார். 1979 பிளவு பார்வையாளரை இழக்காததன் காரணமும் இதுதான். அப்போது சண்டை மேலே நடந்தது. மே மாதத்தில் எல்லா ஓட்டுநர்களும் ஒரே தடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1996இல் அந்த மே மாதமே பங்குபோடப்பட்டது.

மூடிய கார்கள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தின் அமைப்பை இதனோடு ஒப்பிட வேண்டும். அதை நடத்தும் நாஸ்காரைத் தொடங்கிய பில் ஃபிரான்ஸின் குடும்பமே, டேடோனா முதலான முக்கியத் தடங்களை வைத்திருந்த நிறுவனத்தையும் கட்டுப்படுத்தியது. அங்கே அணிகள் முணுமுணுக்கலாம். வெளியேறிப் போய் வேறொரு டேடோனா நடத்த முடியாது. இதை ஜனநாயகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நெருக்கடியில் முடிவெடுக்க ஓர் ஆள் இருந்தார்.

கார்ட்டில் முடிவெடுத்தவர்கள் களத்தில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட முதலாளிகள். அதன் விளைவு 2001 ஏப்ரலில் டெக்சஸ் தடத்தில் அப்பட்டமாயிற்று. ஒன்றரை மைல் நீளமும் 24 பாகைச் சாய்வும் கொண்ட அந்த ஓவலில் கார்கள் மணிக்கு 230 மைலைத் தாண்டின. வளைவுகளில் உடல்மீது விழுந்த விசையால் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தலைசுற்றியது. காரிலிருந்து இறங்கியதும் நேராக நடக்க முடியவில்லை என்றனர் சிலர். பந்தயம் தொடங்க இரண்டு மணி நேரமே இருந்தபோது ரத்து அறிவிப்பு வந்தது. ரத்து செய்தது சரியான முடிவு. அந்த நிலைவரை பிரச்சினையை வளரவிட்டதுதான் நிர்வாகத் தோல்வி. தட உரிமையாளர் வழக்குத் தொடுக்க, கார்ட்டின் கையிருப்பிலிருந்து இழப்பீடு போயிற்று.

4. தொலைக்காட்சி

1979 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை சிபிஎஸ் நேரலையாகக் காட்டியது. கிழக்குக் கடற்கரையில் கடும் பனி. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஏராளம். கடைசிச் சுற்றில் முன்னணியிலிருந்த கேல் யார்பரோவும் டானி ஆலிசனும் மோதி வெளியேற, ரிச்சர்ட் பெட்டி கடந்துபோய் வென்றார். மோதிய இருவரும், உதவிக்கு வந்த பாபி ஆலிசனும் புல்வெளியில் கைகலந்ததை நாடே பார்த்தது. தென்மாநிலங்களின் விளையாட்டு என்று கருதப்பட்ட ஒன்று ஒரே மதியத்தில் எல்லா வீட்டுக்கும் அறிமுகமானது.

இண்டி 500 தொடக்கம் முதல் முடிவுவரை நேரலையானது 1986இல்தான். அதுவரை பதிவுசெய்து, சுருக்கி, இரவில் காட்டினார்கள். நேரலை வந்தால் டிக்கெட் விற்காது என்ற அச்சம். டிக்கெட் முழுதும் விற்காத ஆண்டுகளில் இண்டியானாபொலிஸ் நகர மக்களுக்கே நேரலை இல்லை என்ற தடை இன்னும் நீடிக்கிறது. 2016இல் நூறாவது பந்தயத்துக்கும், இருக்கைகள் நிரம்பிவிட்ட 2025க்கும் அதை விலக்கினார்கள். வாசலில் கூட்டத்தை நம்பி வளர்ந்த நிறுவனத்தின் மனநிலை இது. 1971 முதல் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் செய்ய முடியாமல் போன ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் புகையிலை நிறுவனம் தன் பணத்தை நாஸ்கார் தொடர் முழுமைக்கும் கொட்டியபோது, ஓப்பன் வீலுக்கு வந்த பணம் பெரும்பாலும் தனித்தனி அணிகளிடம் தங்கியது. இணைப்புக்குப் பின்னும் தவறு தொடர்ந்தது. 2009இல் பெரும்பாலான பந்தயங்கள், பல வீடுகளில் வராத ‘வெர்சஸ்’ என்ற கேபிள் சேனலுக்குப் போயின. திரும்பி வர நினைத்த ரசிகருக்குப் பந்தயம் எங்கே ஓடுகிறது என்பதே தெரியவில்லை.

5. மண் தடத்திலிருந்து வந்த பிள்ளைகள்

வெளிநாட்டு ஓட்டுநர்கள் பெருகியதால் அமெரிக்கர்கள் விலகினார்கள் என்பது இன்னொரு பரவலான வாதம். இதில் ஒரு பாதி உண்மை, மறுபாதி எரிச்சல். மக்கள் ஃபிட்டிபால்டியையும் மான்செலையும் பார்க்க வந்தார்கள். ஓட்டுநரின் கடவுச்சீட்டு ரசிகர்களை விரட்டவில்லை. அறுந்துபோனது வேறொன்று.

ஒருகாலத்தில் மத்திய மேற்கு மாநிலங்களின் சிற்றூர் மண் தடங்களில் ஸ்பிரிண்ட் கார், மிட்ஜெட் கார் என்னும் சிறிய பந்தயக் கார்களை ஓட்டியவர்களே இண்டிக்கு வந்தார்கள். அவையும் இண்டி கார்களும் எஞ்சின் முன்னாலிருக்கும் ஒரே இனம். வெள்ளிக்கிழமை இரவு பக்கத்து ஊரில் புழுதி பறக்க ஓட்டியவரை மே மாதம் இண்டியில் பார்க்கலாம். 1961இல் ஜாக் பிரபாம் எஞ்சின் பின்னாலிருக்கும் கூப்பர் காரைக் கொண்டுவந்தார். 1965இல் ஜிம் கிளார்க் லோட்டஸில் வென்றார். அதன்பின் மண் தடத்தில் கற்ற வித்தைக்கும் இண்டி காருக்குமான தூரம் ஆண்டுக்காண்டு கூடியது. 1980களில் ஐரோப்பிய பாணிச் சாலைப் பந்தயப் பயிற்சியும் ஸ்பான்சர் பணமும் கொண்டுவருகிறவருக்கே இருக்கை என்றானது.

இதன் முழுப் பொருளும் ஜெஃப் கார்டனின் வாழ்க்கையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஸ்பிரிண்ட் கார் ஓட்ட வேண்டுமென்பதற்காகக் குடும்பமே இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. அவர் வளர்ந்த பிட்ஸ்பரோ, இண்டியானாபொலிஸுக்கு மேற்கே சற்றுத் தொலைவில் இருக்கும் சிற்றூர். முந்தைய தலைமுறையில் பிறந்திருந்தால் அவர் இண்டி 500இன் நாயகனாகியிருப்பார். அவரோ நாஸ்காருக்குப் போனார். 1994 ஆகஸ்ட் 6 அன்று இண்டியானாபொலிஸ் தடம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஸ்டாக் கார்களுக்குத் திறந்தபோது, அந்த முதல் ‘பிரிக்யார்ட் 400’ஐ வென்றவர், இரண்டு நாட்களுக்கு முன் 23 வயது நிறைந்திருந்த கார்டன். கோயிலை எதிராளிக்குத் திறந்துவிட்டவர் டோனி ஜார்ஜே; லீக் அறிவிப்பு வந்ததும் அதே ஆண்டு.

அந்த லீக் கார்டனைப் போன்றவர்களுக்காகவே என்று சொல்லப்பட்டது. அதற்குக் கிடைத்த பொருத்தமான ஒரே பெரிய நட்சத்திரம் இண்டியானாவின் கொலம்பஸ் ஊர்க்காரர் டோனி ஸ்டூவர்ட். 1995இல் யூசாக்கின் மூன்று தேசியப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றவர். லீக்கில் ஒரு பட்டம் வென்றார். 1999இல் அவரும் நாஸ்காருக்குப் போய்விட்டார். 2005இல் லீக் சாலைத் தடங்களிலும் ஓடத் தொடங்கியது. எந்தக் குறைகளுக்காகப் பிளவு உண்டானதோ அவை அத்தனையும் பத்தாண்டுக்குள் லீக்கிலேயே வந்து சேர்ந்தன. ஜார்ஜ் நோயைச் சரியாகக் கண்டுகொண்டார் என்றே சொல்லவேண்டும். மருந்துதான் நோயாளியைப் படுக்கையில் கிடத்தியது.

6. வேகமும் அச்சமும்

இண்டியின் மே மாதம் என்பது பந்தய நாள் மட்டும் அன்று. தகுதிச் சுற்றுகளைப் பார்க்கவே பெருங்கூட்டம் வரும். புதிய தடச் சாதனை என்று அறிவிப்பாளர் டாம் கார்னகி தன் கனத்த குரலை இழுத்து முழங்கும் அந்த ஒரு கணத்துக்காக மதியம் முழுக்க வெயிலில் காத்திருந்தவர்கள் உண்டு. 1997இல் லீக் டர்போ எஞ்சின்களை நீக்கிப் புதிய விதி கொண்டுவந்தது. அதே லுயென்டைக் அந்த ஆண்டு முதலிடம் பிடித்த வேகம் 218 மைல். கார்னகி 2006இல் ஓய்வு பெறும்வரை அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்பு வரவில்லை.

வேகத்தைக் குறைத்ததற்குப் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1998இல் மிச்சிகனில் கார்ட் பந்தயத்திலும் 1999இல் சார்லட்டில் லீக் பந்தயத்திலும் சக்கரமும் சிதைவுகளும் பார்வையாளர் பகுதிக்குள் பறந்து, ஒவ்வொன்றிலும் மூவர் இறந்தனர். 2011 அக்டோபரில் லாஸ் வேகஸில் 34 கார்கள் நெருக்கியடித்து ஓடிய பந்தயத்தில் 15 கார்கள் சிக்கிய விபத்து, அந்த ஆண்டின் இண்டி வெற்றியாளர் டான் வெல்டனின் உயிரைக் குடித்தது. அதன்பின் வேகமான ஓவல்கள் ஒவ்வொன்றாக நாட்காட்டியிலிருந்து மறைந்தன. ஒரே நிறுவனம் செய்த டல்லாரா கார் 2012 முதல் திருத்தங்களோடு ஓடுகிறது. செலவு குறைந்தது, உயிர்கள் காக்கப்பட்டன, இன்று யார் என்ன புதிய இயந்திரத்தோடு வருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் போயிற்று. இது கொடுத்தே தீர வேண்டிய விலை.

7. ஓர் ஆட்சேபம்

அமெரிக்கர்களுக்கு இவ்வகைப் பந்தயத்திலேயே ஆர்வம் குன்றிவிட்டது என்பது எளிய முடிவு. ஃபார்முலா ஒன் அதைப் பொய்யாக்குகிறது. 2005இல் இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரிக்ஸில், மிஷலின் டயர்கள் ஓவலின் சாய்வு வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகின; ஆறு கார்கள் மட்டும் ஓடின. ரசிகர்கள் போத்தல்களை வீசினர். (கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து தன் ஃபார்முலா ஒன் வாழ்க்கையின் ஒரே புள்ளிகளைப் பெற்றது அந்தப் பந்தயத்தில்தான். 2010இல் அவர் மீண்டும் அமெரிக்கா சென்றபோது சேர்ந்தது நாஸ்காரின் டிரக் தொடரில். அன்றைய காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.) அப்படி அவமானப்பட்ட ஃபார்முலா ஒன், 2017இல் லிபர்ட்டி மீடியாவின் கைக்குப் போனபின், நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரின் துணையோடு அமெரிக்காவில் ஆண்டுக்கு மூன்று பந்தயங்கள் நடத்தும் நிலைக்கு வளர்ந்தது. அதே ஆண்டுகளில் நாஸ்காரின் பார்வையாளர்கள் 2000களின் நடுவில் இருந்த உச்சத்திலிருந்து வெகுவாகக் குறைந்தார்கள். எனவே, அமெரிக்க ரசனை மூடிய காரின் பக்கம் நிரந்தரமாகச் சாய்ந்துவிட்டது என்ற விளக்கமும் நிற்கவில்லை. ஃபார்முலா ஒன்னின் விதி, நாட்காட்டி, ஒளிபரப்பு எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கோத்துச் சொல்ல அதற்கு ஆள் இருந்தது. இண்டிகாருக்கு ஒரு மே மாதம் இருந்தது.

8. ஒரே கையில் எல்லாம்

2020 ஜனவரியில் இண்டியானாபொலிஸ் தடமும் இண்டிகார் தொடரும் ரோஜர் பென்ஸ்கிக்குச் சொந்தமாயின. 1978இல் முதலாளிகளின் கலகத்தை முன்னின்று நடத்தியவரே நாற்பதாண்டு கழித்து வீட்டையும் தெருவையும் சேர்த்து வாங்கினார். 1979இல் மோதிய இரு தரப்பின் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தது. ஆனால் தடமும் தொடரும் வைத்திருப்பவரே மிக வெற்றிகரமான அணியையும் வைத்திருக்கிறார். 2024இல், தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடாத கூடுதல் விசை பென்ஸ்கி கார்களில் இயங்கியது கண்டுபிடிக்கப்பட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பந்தய வெற்றி ஜோசஃப் நியூகார்டனிடமிருந்து பறிக்கப்பட்டது. 2025இல் இண்டி தகுதிச் சுற்றில், மாற்றக்கூடாத பின்பக்கப் பாகத்தை மாற்றியதற்காக அந்த அணியின் இரு கார்கள் கடைசிக்குத் தள்ளப்பட்டன. அணியின் மூத்த நிர்வாகிகள் மூவரைப் பென்ஸ்கி நீக்கினார். அந்த ஆண்டு ஜூலையில் தொடரின் மூன்றில் ஒரு பங்கை ஃபாக்ஸ் நிறுவனம் வாங்கியது. நடுவர் பணியைத் தனி அமைப்பிடம் ஒப்படைக்கும் அறிவிப்பும் வந்தது. அது சரியான திசைதான். ஆனால் சரிவின் வேரை அது தொடவில்லை. 2025 இண்டி 500ஐ ஃபாக்ஸில் சராசரியாக 70 லட்சம் பேர் பார்த்தார்கள். 2008க்குப் பின் அதுவே அதிகம். அடுத்த ஞாயிறு, அதே ஓட்டுநர்களும் அதே கார்களும் டெட்ராய்ட் நகரத் தெருக்களில் ஓடியதைப் பார்த்தவர்கள் சுமார் பத்து லட்சம்.